பன்னிரண்டில் ஐந்து படங்களோடு போடிமெட்டு ஏறிய கதை

ஏலமலைக்குப் போக எது நல்ல மாதம், எவ்வளவு செலவாகும் என்று மூன்று நண்பர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விவரமெல்லாம் 1988 ஆவணியில் நான் போன பயணத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இதில் வரும் கட்டணத்தைக் காட்டி எந்தக் கண்டக்டரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். தூரம் மட்டும் மாறியிருக்காது. மலையை யாரும் நகர்த்தி வைத்ததாகச் செய்தி வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில் ஒரு சுகாதாரப் பிரசார அலுவலகத்தில் சுவரொட்டி ஒட்டுவது, படம் தூக்குவது, மேடைக்கு மைக் கட்டுவது என்று எனக்கு உத்தியோகம். எய்ட்ஸ் என்ற பெயர் பத்திரிகைகளில் வர ஆரம்பித்திருந்த நேரம். தோட்டத் தொழிலாளர்களிடம் போய் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பேச வேண்டியவர் எங்கள் அதிகாரி. அவருக்கு இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி வந்துவிடும். போடிமெட்டுக்குப் பதினேழு வளைவு. ஆகவே விழிப்புணர்வை ஏற்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அந்த நோயைப் பற்றித் தெரிந்தது, அதன் பெயரை எப்படி எழுதுவது என்பது மட்டும்தான். சுவரொட்டியில் எழுதியவன் நானல்லவா.

கையில் ஒரு படச்சுருள். ஒரு ஓவியரிடம் சொல்லிப் பன்னிரண்டு படங்கள் வரைந்து வாங்கியிருந்தோம். ‘நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா பார்க்க வேண்டும்’ என்று அதிகாரி மூன்று மதப் பெரியவர்களை அழைத்து ஒரு கமிட்டி போட்டார். காப்பியும் போண்டாவும் நான்தான் பரிமாறினேன். கோயில் தர்மகர்த்தா மூன்றாவது, ஐந்தாவது படங்களை எடுக்கச் சொன்னார். அவற்றில் கட்டில் இருந்தது. ஜமாத் பெரியவரும் பாதிரியாரும் எட்டாவது படத்தில் இருந்த ஆணுறையை எடுக்கச் சொன்னார்கள். முதலில் ஆட்சேபித்தது யார் என்பதில் மட்டும் இருவருக்கும் சின்ன மனஸ்தாபம். ‘குடும்பப் பெண்களுக்கு இது எதற்கு?’ என்பதில் மூவரும் ஒரே குரல். மீதியை அதிகாரியே பயந்து எடுத்தார். கத்தரிக்கோல் என் கையில். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் சந்தோஷமாகத்தான் வெட்டினேன். பெண்கள் கூட்டத்தின் முன்னால் நின்று அந்த வார்த்தைகளைச் சொல்வதை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் இருந்தவன் நான்.

மிஞ்சியது ஐந்து. ஒன்றில் சிரிக்கும் குடும்பம். இரண்டில் அதே குடும்பம். நான்கில் ஒரு சொட்டு ரத்தம். ஒன்பதில் ஊசி. பன்னிரண்டில் மறுபடியும் அந்தக் குடும்பம். படத்துக்குக் கீழே போட்டிருந்த எண்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போகலாம். தொண்ணூறு கிலோமீட்டர், எட்டு ரூபாய். நான் போன அன்று நாலேகால் மணி நேரம் ஆனது. ஆண்டிபட்டிக் கணவாயில் ரயிலை விட ஆடுகள் வேகமாகப் போயின. அவசரக்காரர்கள் பஸ்சில் போகவும். போடி பஸ் நிலையத்தில் இறங்கியதும் காற்று வேட்டியைப் பறித்துவிடும். பேன்ட் போடுவது நல்லது. அங்கிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பஸ்சுக்கு மூன்று ரூபாய் ஐம்பது காசு, ஒன்றரை மணி நேரம். புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி வண்டியில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் முப்பது வயதுள்ள ஒரு பெண். மடியில் ஒரு பை கருவாடு. நான் போகவேண்டிய தோட்டத்திலேயே பெண்கள் கூட்டத்துக்குக் கங்காணி. பெயர் நாகம்மா. வேலை வாங்குகிறவள் என்பது ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. என் படச்சுருளை நகர்த்தி வைக்கச் சொன்னாள், பெட்டியைத் தூக்கி மேலே போடச் சொன்னாள், அப்புறம்தான் நான் யாரென்று கேட்டாள். சொன்னேன். எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

‘‘எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு சார். போடியில இருந்து பம்பாய்க்கு ஏலக்கா லோடு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கத்தான் வீட்டுக்கு வர்றது. அவரு கூட்டாளி ராசிங்காபுரத்து ஆளு, ரெண்டு பேரும் ஒரே வண்டிதான். ஆளு காத்தாடி மாதிரி எளைச்சு, போன மாசம் செத்துப் போனாரு. இதுதான் அந்தச் சீக்குன்னு ஊருல பேசிக்கிறாக. இவரு சனிக்கிழமை வர்றாருன்னு லாரி ஆபீசுல சொன்னாக. அதுக்குள்ள எனக்குத் தெரியணும் சார். அவருகிட்ட இருந்து எனக்கு வருமா, வராதா?’’

‘‘நாளைக்குப் படத்தில் எல்லாம் விளக்குவோம் அம்மா’’ என்றேன். அப்படிச் சொன்ன வாயை அப்புறம் நானே பலமுறை அடித்துக்கொண்டேன்.

போடிமெட்டில் இறங்கி ஜீப்பில் நான்கு கிலோமீட்டர். தலைக்கு இரண்டு ரூபாய். ஜீப்பில் பதினான்கு பேர், இரண்டு மூட்டை அரிசி, ஒரு சேவல். இந்தத் தோட்டத்தின் விசேஷம், லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரும் தமிழ்நாட்டில் இருக்கின்றன, ஏலச்செடியில் பாதி கேரளாவில் இருக்கிறது. என் அதிகாரம் எந்தச் செடி வரைக்கும் என்று டிரைவரைக் கேட்டேன். ‘‘மழைக்கே அது தெரியாதுண்ணே’’ என்று அவர் வண்டியை மூன்றாவது கியருக்கு மாற்றினார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டோர் வாசலில் கூட்டம். நாற்பது பெண்கள், இடுப்பில் கூடையோடு. நான் படங்களைப் புரட்டினேன். ‘இது ஆரோக்கியமான குடும்பம். தீய நடத்தையால் இந்நோய் வரும். ரத்தத்தின் மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். ஊசியில் எச்சரிக்கை தேவை. ஒழுக்கமே மருந்து. நன்றி, வணக்கம்.’ ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

‘‘சார், நடுவுல ஏழு படம் எங்க?’’ என்றாள் நாகம்மா. காய் எடை போட்டு எண்ணிக்கை பார்த்துப் பழகியவள். எண்களை விடுவாளா?

‘‘அது வேறு வகுப்புக்கு.’’

‘‘தீய நடத்தைன்னா என்ன சார்?’’

‘‘அதாவது... தீய பழக்கவழக்கம்.’’

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி கையிலிருந்த புகையிலையை அவசரமாக முந்தானையில் முடிந்தாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் மூன்றாவது படத்தைச் சொல்ல வேண்டுமே!

அன்று பெண்கள் காட்டுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலை போகவில்லை. நாற்பது பேரும் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் மலையாளி. என் அறைக் கதவைத் தட்டவில்லை, உதைத்தார். ‘‘சாரே, நிங்கள் எந்தா பறஞ்ஞது? காய் பழுத்து வெடிக்குந்நு!’’

நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. வெளியே போய்க் கேட்டேன். நாகம்மா தன் கணுக்காலைக் காட்டினாள். மூன்று இடத்தில் ரத்தம் ஒழுகிக் காய்ந்திருந்தது. அட்டைக்கடி. மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போனால் காலில் அட்டை ஏறாமல் வர முடியாது. சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துத் தடவிக்கொள்வார்கள். அப்படியும் ஏறும்.

‘‘ரத்தத்துல பரவும்னு நீங்கதான சார் சொன்னீக? முந்தாநாள் யார் யாரு காலிலயோ குடிச்ச அட்டைதான் இன்னிக்கு எங்க காலில ஏறுது. அது என்ன ஒவ்வொரு ஆளுக்கும் வாயைக் கொப்புளிச்சிட்டா வருது?’’

நாற்பது தலைகள் ஆடின. என் தலையும் ஆடியது. எவ்வளவு யோசித்தாலும் அவள் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. கையில் இருந்த குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். கொசு கடித்தால் பரவாது என்று ஒரு வரி இருந்தது. அட்டை இல்லை. தாளை எழுதியவர்கள் டெல்லிக்காரர்களாக இருக்க வேண்டும். அங்கே அட்டை கிடையாதோ என்னவோ!

ஜீப்பைப் பிடித்துப் போடிமெட்டுக்கு ஓடி, தபால் நிலையத்திலிருந்து மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். நாற்பது நிமிடம் காத்திருந்து கிடைத்தது. ‘‘அட்டை நம்ம பாடத்திலேயே கிடையாதேப்பா’’ என்றார் அதிகாரி. ‘‘கொசுவுக்குச் சொன்னது அட்டைக்கும் சரிதான், டாக்டரைக் கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு, படத்தில இருக்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசிராத. கமிட்டி இருக்கு.’’

திரும்பி வந்து, அட்டையால் வராது என்று அறிவித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நாகம்மா மட்டும் எழுந்து கிட்டே வந்தாள்.

‘‘அட்டை இல்லன்னா வேற எதுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு எனக்கு ரத்தம் குடுக்கல, ஊசி போடல. அப்ப எனக்குப் பயமில்லையா? பயமில்லைன்னு சொல்லுங்க, நாளைக்கு அவரு வந்ததும் கறி எடுத்து ஆக்கிப் போட்டு நிம்மதியா இருக்கேன். சொல்லுங்க சார்.’’

பயமில்லை என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பெண்கள் காட்டுக்குப் போயிருப்பார்கள், மேனேஜர் டீ கொடுத்திருப்பார், கமிட்டியும் குளிர்ந்திருக்கும். நாளை இரவு முதல் இவள் பாடு என்ன ஆகும் என்பது மட்டும்தான் பாக்கி. குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். அதில் படிக்க இனி எதுவும் இல்லை.

ஆண்களை எல்லாம் ஸ்டோருக்குள் போகச் சொன்னேன். மேனேஜரையும்தான். பிறகு பெண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்டோர்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மூன்றிலிருந்து பதினொன்று வரை வெட்டிய படங்களை வாயாலேயே சொன்னேன். கட்டில், புருஷன், பெண்டாட்டி, வெளியூர், வேறு பெண், உறை, வயிற்றுப் பிள்ளை. எல்லாம் சொன்னேன். பெயர் தெரியாத இடத்தில் கையை ஆட்டினேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதன் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

முடித்துவிட்டும் நான் திரும்பவில்லை. செத்தோம் என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு கிளம்பியது. ஒரு வரிசையில் தொடங்கி மறு வரிசைக்குப் போய் நாற்பது பேரும் கூடையிலிருந்து சரிந்தார்கள்.

‘‘இதச் சொல்லத்தான் ரெண்டு நாளா இந்தச் சுத்துச் சுத்துனீகளா அப்பு?’’ என்றாள் புகையிலைக் கிழவி. ‘‘எங்க பிள்ளைகளை எல்லாம் என்ன ஏலச்செடியில இருந்தா பறிச்சிட்டு வந்தோம்?’’

நாகம்மா மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போன பிறகு, நான் கொண்டுவந்திருந்த பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டாள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று எல்லாத் தோட்டத்துக்கும் கொடுத்தனுப்புகிற உறைகள். திறந்து காட்டினேன்.

‘‘அட, இதுவா? இது லயத்து ஆம்பளைக எல்லாருகிட்டயும் இருக்கே. மழையில பீடியும் தீப்பெட்டியும் நனையாம உள்ள போட்டு முடிஞ்சு வச்சுக்கிருவாக.’’

பீடிக்கு இல்லை என்று விளக்கினேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

‘‘நான் இதை நீட்டுனா, ‘உனக்கு இது எங்ஙன கிடைச்சுச்சு, யாருடி குடுத்தா’ன்னுதான் கேப்பாரு. வேணாம்னு நான் சொன்னா, ‘யாரை மனசுல வச்சிருக்க’ன்னு கேப்பாரு. நல்ல மனுசன்தான் சார். ஆனா அதைக் கேப்பாரு.’’

எங்கள் திட்டத்தில் இதற்கும் படம் இல்லை. வெட்டுவதற்கு முன்னாலும் இருந்ததில்லை. நான் பெட்டியை மூடினேன். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, ‘‘நான் காப்புக் கட்டிக்கிறேன்’’ என்றாள்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே அம்மன் திருவிழா என்றால் மஞ்சள் கயிற்றில் மணிக்கட்டுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் விரதம். கறி கிடையாது, புருஷன் பெண்டாட்டி என்பதும் கிடையாது. அவிழ்க்கும் வரை எந்தப் புருஷனும் கிட்டே வர மாட்டான், காரணமும் கேட்க மாட்டான். ஆனால் அந்தக் குடியிருப்புக் காளியம்மனுக்குத் திருவிழா மாசியில். இது ஆவணி.

பூசாரி வேலுச்சாமி ஸ்டோரில் உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஐம்பது வயது. மேல் சட்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. நாகம்மா அவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். திருவிழாவுக்கு ஆறு மாதம் முன்னால் காப்பா என்று அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மதுரையில் மூன்று பெரியவர்களைப் பார்த்து வந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

‘‘தனியா ஒருத்தி நேந்துக்கிட்டுக் கட்டலாம். ஆத்தா உத்தரவு வேணும்’’ என்றார். ‘‘பூக் கேப்போம். சாயங்காலம் வாங்க.’’

பூக் கேட்பது என்றால், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. அன்று விவரம் தெரியாதவர் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான்.

ஐந்தரை மணி. கோயில் என்றால் தகரக் கூரை, ஒரு கல், ஒரு சூலம். லயத்து ஜனம் பாதி வந்திருந்தது. இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் கிடந்தன. பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு அரசாங்கம் அனுப்பிய ஆள், சிவப்பு வந்துவிடக் கூடாதே என்று காளியம்மனை வேண்டிக்கொண்டு நிற்கிறேன். எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. குலவைச் சத்தம் எழுந்தது. நாகம்மா கையை நீட்டினாள். வேலுச்சாமி காப்பைக் கட்டினார்.

கட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: ‘‘புருசன் தூரா தொலைவு போய் வந்தவன். மதுரைக்குப் போயி ரத்தம் பாத்துச் சீட்டு வாங்கிட்டு வரணும். அந்தச் சீட்டை ஆத்தா காலடியில வச்ச பொறகுதான் காப்பை அவுக்கணும்.’’

அம்மன் பொங்கல் கேட்டுப் பார்த்திருக்கிறேன், கிடாய் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டுக் கேட்டது அன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் என் குறும்புக் கை சும்மா இருக்கவில்லை. கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து மெதுவாகப் பிரித்தேன். அதிலும் வெள்ளைப் பூ. நிமிர்ந்தால் வேலுச்சாமி. பொட்டலத்தைப் பிடுங்கி, பூவை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார்.

‘‘ஸ்டோர்ச் சன்னல் தொறந்துதான் அப்பு கெடந்துச்சு. நீங்க செவத்தைப் பாத்துச் சொன்னது, செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் நல்லா கேட்டுச்சு’’ என்றார். ‘‘ஆத்தாவுக்கும் பொம்பளப் பிள்ளைக உசுரோட வேணும்ல?’’

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மதுரையில் மூன்று பேர், ஒரு பொய்யும் சொல்லாமல், உண்மையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இங்கே ஒருவர் சாமி பெயரிலேயே திருட்டுத்தனம் செய்து உண்மைக்கு வழி பண்ணிவிட்டார். நான் யார் பக்கம்? அரசாங்கத்தின் பக்கம் என்றால் அந்த அரசாங்கம் வெட்டிய பக்கத்தில் அல்லவா இருக்கிறது?

சனிக்கிழமை மதியம் சின்னச்சாமி வந்தார். நாகம்மாவின் கணவர். ஆள் வாட்டசாட்டம். கையில் பம்பாய் அல்வா டப்பா. குடியிருப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் நாற்பது பேர் அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நேரே என்னிடம் வந்தார்.

‘‘நீருதான் எம் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்த ஆளா?’’

‘‘நானில்லை, அம்மன்’’ என்றேன். மதப் பிரசாரத்தில் நான் இறங்கியது அந்த ஒரு முறைதான்.

அவர் கோயில் பக்கம் பார்த்தார். அப்புறம் நாகம்மாவைப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் மறைக்கவில்லை. ‘‘செல்லையாவுக்கு வந்தது உங்களுக்கு இருக்குன்னு நான் சொல்லல’’ என்றாள். அது செத்துப்போன கூட்டாளியின் பெயர். ‘‘ஆத்தா கேட்டிருக்கா. போயிப் பாத்துட்டு வந்துருங்க.’’ செல்லையாவின் பெயரைக் கேட்டதும் அந்தப் பெரிய உடம்பு அல்வா டப்பாவோடு அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தது. அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாமல் பம்பாயிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறார். எந்தக் கூட்டத்திலும் அதற்கு ஒரு படம் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி வண்டியில் நானும் சின்னச்சாமியும் சேர்ந்து இறங்கினோம். எனக்கும் டிக்கெட் எடுத்தது அவர்தான். திங்கட்கிழமை மதுரையில் ரத்தம் கொடுத்தார். சீட்டு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கொச்சிக்கு லோடு ஓட்டப் போய்விட்டார்.

சீட்டு ஒட்டிய காகித உறையில் என்னிடம் வந்தது. அடுத்த வீட்டுக்காரருக்கு வரும் தபால் அட்டையை அவருக்கு முன்னால் படித்துவிடுகிற ஆசாமி நான். அந்த உறையை மட்டும் பிரிக்கவில்லை. இரண்டு நாள் விடுப்புப் போட்டு, அதே ரயில், அதே பஸ், அதே ஜீப். இந்த முறை செலவு என்னுடையது. போக வர இருபத்தேழு ரூபாய், சாப்பாடு தனி.

சின்னச்சாமி முதல் நாளே வந்து காத்திருந்தார். கோயிலில் நாங்கள் நான்கு பேர் மட்டும். உறையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வேலுச்சாமி என்னைப் பார்த்தார். ‘‘இங்கிலீசுல இருக்கும். ஆத்தாவுக்கு நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்.’’

பிரித்தேன். எழுத்துகள் ஓடின. இரண்டு முறை படித்தேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மூன்றாம் முறையும் படித்தேன்.

‘‘இல்லை’’ என்றேன். ‘‘நோய் இல்லை.’’

சின்னச்சாமி சூலத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேலுச்சாமி காப்பை அவிழ்க்கக் கையை நீட்டினார். நாகம்மா கையைக் கொடுக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

‘‘அடுத்த பம்பாய் லோடு எப்ப?’’

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘‘பத்து நாளுல’’ என்றார்.

‘‘சார், அந்தப் பெட்டி கொண்டாந்திருக்கீகளா?’’

கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்தேன்.

‘‘எங்கிட்டக் குடுக்காதீக. அவரு கையில குடுங்க. இங்ஙனயே, ஆத்தா முன்னாடி குடுங்க.’’

நான் கொடுத்தேன். சின்னச்சாமி அம்மனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அவள் மணிக்கட்டை நீட்டினாள்.

ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதாது, சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மதுரையில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: ‘மதமும் பண்பாடும் இத்திட்டத்துக்குத் தடையாக இருந்தனவா, துணையாக இருந்தனவா? ஒன்றை மட்டும் குறிக்கவும்.’ தடை என்பதில் குறித்தேன், அடித்தேன். துணை என்பதில் குறித்தேன், அதையும் அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது. அதிகாரி கேட்டபோது, மலையில் மழை சார் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

போகிறவர்கள் கவனிக்க: ஆவணி, புரட்டாசியில் போனால் காய் பறிப்பைப் பார்க்கலாம், குடை அவசியம். போடியிலேயே வயிற்றுக்கு நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், வளைவுகளில் முன் இருக்கை பிடியுங்கள். அட்டைக்கு உப்புத் துணி போதும், பயப்பட வேண்டாம். அந்த மக்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கிற உத்தேசத்தோடு போகிறவர்களாக இருந்தால், முழுவதையும் கொண்டுபோங்கள். பாதியைக் கொண்டுபோனால் மீதி எங்கே என்று எண்ணிக் கேட்பார்கள்.